டப்ளின் பட்டாளமும் பதுங்குகுழிப் போரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் உலகப் போரில் சண்டை போட்ட ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் என்கிற அயர்லாந்துக் காலாட்படை ரெஜிமென்ட்டைப் பற்றிச் சில வருடங்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். யாரிடம் பேச்செடுத்தாலும் ஏறக்குறைய அதே கேள்விகள்தான் வருகின்றன. வெள்ளைக்காரன் பட்டாளத்தைப் பற்றி நீ ஏன் மண்டையை உடைத்துக்கொள்கிறாய் என்பதில் தொடங்கி, டிரெஞ்ச், அதாவது பதுங்குகுழி, என்றால் என்ன என்பது வரை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட மொத்தமாக எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

இந்த ரெஜிமென்ட்டுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?

நேரடியான சம்பந்தம். இந்த ரெஜிமென்ட்டின் 1ஆம் பட்டாலியன் பிறந்த ஊர் டப்ளின் இல்லை, மதராஸ். கிழக்கிந்தியக் கம்பெனி செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் வைத்திருந்த ஐரோப்பியச் சிப்பாய்களிலிருந்து உருவானதுதான் மதராஸ் ஐரோப்பிய ரெஜிமென்ட். பிறகு அதன் பெயர் மதராஸ் ஃபியூசிலியர்ஸ் ஆனது, கம்பெனி ஆட்சி முடிந்தபின் பிரிட்டிஷ் ராணுவத்தின் 102ஆம் ரெஜிமென்ட் ஆனது. 1881 ஜூலை 1 அன்று அதையும் பம்பாய் ஃபியூசிலியர்ஸான 103ஆம் ரெஜிமென்ட்டையும் சேர்த்து, டப்ளின் பக்கத்து ஆட்களை எடுக்கும் ரெஜிமென்ட்டாக மாற்றி, ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் என்று பெயர் வைத்தார்கள். தலைமையிடம் கில்டேர் மாவட்டத்தில் உள்ள நேஸ் என்ற ஊர்.

அதனால்தான் டப்ளின் தெருப் பையன்கள் அணிந்த தொப்பிச் சின்னத்தில் புலியும் யானையும் இருந்தன. ஆற்காடு, வந்தவாசி, சோளிங்கர், பாண்டிச்சேரி என்ற பெயர்கள் இந்த ரெஜிமென்ட்டின் போர் விருதுப் பட்டியலில் வருகின்றன. முதன்முதலில் அதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. சோளிங்கர் என்றால் நமக்கு நரசிம்மர் மலை. அதே பெயர் ஒரு அயர்லாந்துப் பட்டாளத்தின் பெருமைகளில் ஒன்று.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1857 கிளர்ச்சியின்போது அலகாபாத்திலும் கான்பூரிலும் கண்மூடித்தனமாகத் தூக்கில் போட்ட ஜேம்ஸ் நீல் இந்தப் பழைய மதராஸ் பட்டாளத்தின் தளபதிதான். 1ஆம் பட்டாலியனின் செல்லப்பெயரே "நீலின் நீலத் தொப்பிகள்" என்பதுதான். அவனுக்கு மவுண்ட் ரோட்டில் வைத்த சிலையை எதிர்த்து 1927இல் சத்தியாகிரகம் நடந்தது நம்மில் பலருக்குத் தெரியும்.

ரெஜிமென்ட், பட்டாலியன் என்று மாற்றி மாற்றிச் சொல்கிறீர்களே, குழப்பமாக இருக்கிறது.

ரெஜிமென்ட் என்பது குடும்பப் பெயர் மாதிரி. சண்டைக்குப் போவது பட்டாலியன், அதாவது சுமார் ஆயிரம் பேர். முதல் உலகப் போரில் டப்ளின் ஃபியூசிலியர்ஸுக்கு 11 பட்டாலியன்கள் இருந்தன. 1ஆம், 2ஆம் பட்டாலியன்கள் பழைய நிரந்தரப் படை. 6 முதல் 10 வரை போருக்காகப் புதிதாகச் சேர்ந்தவர்கள். ஒரே பெயரில் ஒன்று துருக்கியில், ஒன்று பிரான்ஸில், ஒன்று மாசிடோனியாவில் இருக்கும். ஆகவே "டப்ளின் ரெஜிமென்ட் எங்கே போரிட்டது" என்று கேட்டால் ஒரு ஊர் பெயரைச் சொல்லிவிட முடியாது.

ஆங்கிலேயனை எதிர்த்த அயர்லாந்துக்காரர்கள் எதற்காக அவன் ராணுவத்தில் சேர்ந்தார்கள்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், கொஞ்சம் கோபத்தோடு கேட்கப்படுவதும் இதுதான்.

முதலில் ஒரு தகவல்: அவர்களை யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லை. 1916இல் பிரிட்டனில் கட்டாய ராணுவ சேவை வந்தபோது அயர்லாந்துக்கு விலக்கு இருந்தது. 1918இல் அதை அங்கேயும் கொண்டுவர முயன்றபோது நாடே எதிர்த்து நின்றது, கைவிட்டார்கள். இந்தப் போரில் பணியாற்றிய அயர்லாந்துக்காரர்கள் 2 லட்சத்துக்கும் மேல்.

ஏன் போனார்கள் என்பதற்கு ஒரே பதில் கிடையாது. 1913இல் டப்ளினில் முதலாளிகள் தொழிற்சங்கத்தை உடைப்பதற்காக மாதக்கணக்கில் கதவடைப்பு நடத்தினார்கள், அதில் வேலை போனவர்கள் ஏராளம். பட்டாளத்தில் சேர்ந்தால் சம்பளம் உண்டு, வீட்டிலிருக்கும் மனைவிக்குத் தனியாகப் படிப்பணம் வரும், வாடகை கொடுக்கலாம், குழந்தைக்குச் சோறு போடலாம். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அயர்லாந்துக்கான தன்னாட்சிச் சட்டம் 1914 செப்டம்பரில் நிறைவேறி, போர் முடியும் வரை என்று நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. நாம் இப்போது கூட நின்றால் போருக்குப் பிறகு வாக்கைக் காப்பாற்றுவார்கள் என்று தேசியத் தலைவர் ஜான் ரெட்மண்ட் ஊர் ஊராகப் பேசினார், அதை நம்பிப் போனவர்கள் உண்டு. கத்தோலிக்க பெல்ஜியத்தை ஜெர்மனி நசுக்கியது பொறுக்காமல் போனவர்களும் உண்டு. அப்பாவும் தாத்தாவும் இதே பட்டாளத்தில் இருந்தார்கள் என்பதற்காகப் போனவர்களும் உண்டு.

அடிமை நாட்டு ஏழை ஒருவன் ஆள்பவனுடைய சட்டையைப் போட்டுக்கொள்வது நமக்குப் புரியாத விஷயமா? அதே போரில் நம் ஊர்க்காரர்களும் மெசபடோமியா வரை போனார்கள். அவர்களை நாம் துரோகி என்று சொல்வதில்லை.

போர் தொடங்கியபோது அவர்கள் எங்கே இருந்தார்கள்?

2ஆம் பட்டாலியன் இங்கிலாந்தில் இருந்தது. 1914 ஆகஸ்ட் மாதமே பிரான்ஸுக்குப் போய், லெ காத்தோ பகுதிச் சண்டையிலும் அதன்பின் நடந்த பெரிய பின்வாங்கலிலும் மாட்டிக்கொண்டது. 1ஆம் பட்டாலியன்? நம்ம மதராஸில். அந்த இலையுதிர் காலத்தில்தான், செப்டம்பர் 22 இரவு, எம்டன் வந்து துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. 1ஆம் பட்டாலியன் கப்பலேறி டிசம்பரில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. நான்கே மாதத்தில் அதில் பெரும்பகுதி அழியப்போகிறது.

கலிப்போலியில் என்ன நடந்தது?

1915 ஏப்ரல் 25, ஞாயிற்றுக்கிழமை காலை. துருக்கியின் கலிப்போலி தீபகற்பத்தின் தெற்கு முனையில், செத்துல்பாஹிர் என்ற ஊரின் பழைய கோட்டைக்குக் கீழே ஒரு சின்ன வளைவான கடற்கரை. பிரிட்டிஷ் வரைபடத்தில் அதன் பெயர் வி பீச்.

திட்டம் இதுதான். ரிவர் கிளைட் என்ற பழைய நிலக்கரிக் கப்பலில் சுமார் 2,000 பேரை அடைத்து வேண்டுமென்றே கரை தட்ட விடுவது, பக்கவாட்டில் வெட்டிய கதவுகள் வழியாக அவர்கள் இறங்கி ஓடுவது. அதில் பெரும்பாலானோர் மன்ஸ்டர் ஃபியூசிலியர்ஸ் என்ற இன்னொரு அயர்லாந்து ரெஜிமென்ட், கூட டப்ளின் பட்டாலியனின் ஒரு கம்பெனி, அதாவது பட்டாலியனுக்குள் ஒரு பிரிவு. டப்ளின் பட்டாலியனின் மீதி ஆட்கள், சுமார் 700 பேர், திறந்த படகுகளில். நீராவிப் படகு இழுத்து வந்து கரைக்குச் சற்று முன்னால் விட்டுவிடும், அங்கிருந்து மாலுமிகள் துடுப்புப் போட வேண்டும்.

துருக்கியர்கள் படகுகள் கரைக்குப் பக்கத்தில் வரும் வரை ஒரு தோட்டாவைக்கூட வீணாக்காமல் காத்திருந்தார்கள். பிறகு சுட்டார்கள். படகில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவன் எங்கே ஒளிவான்? முதுகில் மூன்று நாள் உணவு, தோட்டாக்கள், மண்வெட்டி என்று எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு தண்ணீரில் குதித்தவர்களில் பலர் காயம்பட்டு, எழுந்திருக்க முடியாமல், இடுப்பளவு தண்ணீரிலேயே மூழ்கிப் போனார்கள். துடுப்புப் போட ஆளில்லாமல் படகுகள் பிணங்களோடு மிதந்தன. கரையிலிருந்து ஏறத்தாழ 50 கஜம் வரை கடல் சிவந்திருந்தது என்று மேலே விமானத்தில் பறந்த அதிகாரி சொல்லியிருக்கிறார். தப்பியவர்கள் மணலில் ஆள் உயரம்கூட இல்லாத ஒரு திட்டின் பின்னால் ஒட்டிக்கொண்டு இருட்டும் வரை கிடந்தார்கள். தளபதி ரிச்சர்ட் ரூத் அங்கேயே இறந்தார். அடிபட்டவர்களுக்குக் கடைசி ஜெபம் சொல்லப் படகில் கூடவே வந்த பாதிரியார் வில்லியம் ஃபின்னும் இறந்தார்.

சில நாட்களில் நிலைமை எப்படி ஆனதென்றால், டப்ளின், மன்ஸ்டர் இரண்டு பட்டாலியன்களிலும் மிஞ்சியவர்களைச் சேர்த்துத்தான் ஒரு பட்டாலியன் கணக்குக் காட்ட முடிந்தது. "டப்ஸ்டர்ஸ்" என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். மன்ஸ்டர் பட்டாலியனின் பூர்வீகம் வங்காளம் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். மதராஸ் பட்டாளமும் வங்காளப் பட்டாளமும் துருக்கிக் கடற்கரையில் ஒன்றாகச் செத்தன.

ரக்பி விளையாட்டுக்காரர்கள் ஒரு கம்பெனியாகச் சேர்ந்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. 7ஆம் பட்டாலியனின் டி கம்பெனி. டப்ளின் லான்ஸ்டவுன் ரோடு மைதானத்தில் கூடி, ரக்பி சங்கத் தலைவர் தூண்டுதலில் மொத்தமாகப் பெயர் கொடுத்தவர்கள்: வக்கீல்கள், வங்கி ஊழியர்கள், கல்லூரிப் பையன்கள். அதிகாரியாகும் தகுதி இருந்தும் நண்பர்களோடு இருக்க வேண்டும் என்று சாதாரணச் சிப்பாயாகப் போனார்கள். 1915 ஆகஸ்ட் 7 அன்று சுவ்லா விரிகுடாவில் இறங்கினார்கள். அடுத்த வாரம் கிரெச் தெப்பே என்ற மலைமுகட்டில் துருக்கியர்கள் கையெறி குண்டுகளை மழையாக வீச, இவர்களிடம் திருப்பி வீசக் குண்டே இல்லை. விழுந்த குண்டை வெடிப்பதற்குள் எடுத்துத் திருப்பி எறிந்தார்கள், சிலர் கிரிக்கெட் பந்து மாதிரி காற்றிலேயே பிடித்து எறிந்தார்கள். அப்படிச் சில குண்டுகளைத் திருப்பி எறிந்த ஒருவர் கையில் அடுத்த குண்டு வெடித்தது. மிஞ்சியவர்கள் அந்தக் குளிர்காலத்திலேயே மாசிடோனிய மலைகளில் பனியில் நின்று பல்கேரியர்களோடு சண்டை போட்டார்கள்.

பதுங்குகுழியில் ஒரு நாள் எப்படி இருக்கும்?

சினிமாவில் காட்டுவது போல நாள் முழுக்கச் சண்டை கிடையாது. முன்வரிசையில் நாலு நாளோ ஒரு வாரமோ, பிறகு இரண்டாம் வரிசை, பிறகு பின்னால் ஓய்வு என்று சுழற்சி. ஓய்வு என்றால் மூட்டை தூக்குவது, பள்ளம் வெட்டுவது.

குழி நேர்கோட்டில் இருக்காது, சில கஜத்துக்கு ஒரு முறை மடங்கும். எதிரி ஒரு முனையில் நுழைந்தாலும் நீளத்துக்குச் சுட்டுத் தள்ள முடியாது, ஒரு குண்டு விழுந்தால் அந்த மடிப்போடு சேதம் நிற்கும். உள்ளே எதிரியின் பக்கமாக ஒரு படி, சுடுவதற்கு ஏறி நிற்க. மேலே மணல் மூட்டை, அதற்கு முன்னால் முள்கம்பி. கீழே நடக்க மரப்பலகை, பலகைக்கு அடியில் தண்ணீர். ஃபிளாண்டர்ஸ் பகுதியில் கொஞ்சம் தோண்டினாலே ஊற்று வந்துவிடும்.

விடியும் முன்னால் எல்லாரும் துப்பாக்கியில் கத்தியைப் பொருத்திப் படியில் நிற்க வேண்டும். தாக்குதல் பெரும்பாலும் விடியலில்தான் வரும். வெளிச்சம் வந்ததும் ஆளுக்குக் கொஞ்சம் ரம். அப்புறம் டீ, அதுவும் பெட்ரோல் டின்னில் வந்த தண்ணீரில் போட்டது, வாசனை போகாது. கல் மாதிரி பிஸ்கட், டின்னில் அடைத்த மாட்டிறைச்சி. பகலில் தலையைத் தூக்கக்கூடாது, அதனால் தூக்கம், கடிதம், பேன் பார்த்தல். சட்டையைக் கழற்றித் தையல் ஓரமாக மெழுகுவர்த்திச் சுடரை மெல்ல ஓட்டுவார்கள், முட்டைகள் பட்பட் என்று வெடிக்கும், கை கொஞ்சம் நின்றால் சட்டையே எரிந்துவிடும். இரவில்தான் உண்மையான வேலை: கம்பி கட்டுவது, சாப்பாடு கொண்டுவருவது, பிணத்தைப் புதைப்பது.

கால்தான் பெரிய பிரச்சினை. ஈரத்திலேயே நாள்கணக்கில் நின்றால் பாதம் வீங்கி, மரத்து, அழுகத் தொடங்கும். திமிங்கில எண்ணெயைத் தேய்த்து, காய்ந்த காலுறை மாற்ற வேண்டும் என்பது கட்டளை. இரண்டு பேர் இரண்டு பேராக உட்கார்ந்து ஒருவர் காலை இன்னொருவர் தேய்த்துவிடுவார்கள். போரைப் பற்றி எவ்வளவோ படித்தாலும் இந்தக் காட்சிதான் என் மனதில் அப்படியே நிற்கிறது.

நச்சுவாயுத் தாக்குதலில் இவர்கள் சிக்கினார்களா?

இரண்டு முறை மிக மோசமாக.

முதலாவது, 1915 மே 24, பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்குப் பக்கத்தில் மவுஸ் டிராப் பண்ணை. 2ஆம் பட்டாலியன். விடியும் முன்னால் ஜெர்மானியர்கள் குளோரினைத் திறந்துவிட்டார்கள். இவர்களிடம் முகத்தில் வைத்துக் கட்டும் பஞ்சுத் துணி மாதிரியான பாதுகாப்புதான். காலையில் இருந்தவர்கள் ஏறக்குறைய 670 பேர். அன்று இரவு கணக்கெடுத்தபோது நின்றவர்கள் ஒரு அதிகாரியும் 20 சிப்பாய்களும். தளபதி ஆர்தர் லவ்பேண்டும் அந்தச் சண்டையில் போய்விட்டார். இறந்தவர்களில் பலருடைய உடல் கிடைக்கவே இல்லை, ஈப்பரில் உள்ள மெனின் வாயில் நினைவுச்சின்னத்தில் பெயர் மட்டும் இருக்கிறது.

இரண்டாவது, 1916 ஏப்ரல் 27, பிரான்ஸின் ஹுல்லுக். 16ஆம் அயர்லாந்து டிவிஷனில் (பல பட்டாலியன்கள் சேர்ந்த பெரிய படைப்பிரிவு) இருந்த 8ஆம், 9ஆம் பட்டாலியன்கள் அந்தப் பகுதியில். இந்தத் தடவை முகமூடி இருந்தது. முகமூடி என்றால் ரசாயனத்தில் நனைத்த ஃபிளானல் துணிப்பை. தலையில் கவிழ்த்து, ஓரத்தைச் சட்டைக் காலருக்குள் செருகி, பொத்தான் போட வேண்டும். பார்க்க இரண்டு வட்டக் கண்ணாடி, மூச்சை வெளியே விட வாயில் கவ்வும் ஒரு குழாய். உள்ளே வியர்வையும் மருந்து நெடியும் கண்ணை எரிக்கும், கண்ணாடி மங்கிவிடும், அதோடு சுட வேண்டும். வந்தது குளோரினும் பாஸ்ஜீனும் கலந்த வாயு. மூன்று நாளில் டிவிஷனில் 500க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 29ஆம் தேதி இரண்டாம் முறை விட்ட வாயு காற்று திரும்பி ஜெர்மானியர்கள் பக்கமே போனது.

அதே வாரம்தானே டப்ளினில் ஈஸ்டர் எழுச்சி?

அதே வாரம்தான். அந்தத் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏப்ரல் 24 அன்று டப்ளினில் குடியரசை அறிவித்துப் புரட்சியாளர்கள் தபால் நிலையத்தைப் பிடிக்கிறார்கள். 27 காலை ஹுல்லுக்கில் டப்ளின் பையன்கள் வாயுவில் துடிக்கிறார்கள். 29 அன்று புரட்சியாளர்கள் சரணடைகிறார்கள், ஹுல்லுக்கில் இரண்டாவது வாயு.

டப்ளினில் புரட்சியாளர்களை எதிர்த்து முதலில் அனுப்பப்பட்டவர்களிலும் இதே ரெஜிமென்ட்டின் 10ஆம் பட்டாலியன் இருந்தது. அன்று கொல்லப்பட்ட டப்ளின் அதிகாரி ஒருவரின் தம்பி எதிர்ப்பக்கம் துப்பாக்கியோடு இருந்தார். கணவனும் மகனும் முன்வரிசையில் இருந்த பெண்கள், பிடிபட்ட புரட்சியாளர்களைத் தெருவில் வசைபாடினார்கள். பிறகு பிரிட்டிஷ் அரசு தலைவர்களை நாளுக்குச் சிலராகச் சுட்டுக் கொன்றது, ஆகஸ்டில் ஒருவரைத் தூக்கிலிட்டது, ஆக மொத்தம் 16 பேர். ஊர் மனசு அடியோடு மாறியது. போர்முனையில் இருந்தவர்களுக்குக் கீழே இருந்த நிலம் நழுவியது அப்போதுதான்.

பிரான்ஸில் மன்ஸ்டர் பட்டாலியனுக்கு எதிரே ஜெர்மானியர்கள் பலகை தூக்கிக் காட்டினார்கள்: அயர்லாந்தில் கலவரம், உங்கள் மனைவி மக்களை ஆங்கிலப் பீரங்கிகள் சுடுகின்றன என்று. மன்ஸ்டர்காரர்கள் பாட்டுப் பாடிப் பதில் சொல்லி, பிறகு ஒரு இரவு ஊர்ந்து போய்ப் பலகையையே பிடுங்கி வந்தார்கள்.

டாம் கெட்டில் யார்?

டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரிப் பொருளாதாரப் பேராசிரியர், கவிஞர், முன்னாள் எம்.பி., நெஞ்சாரத் தேசியவாதி. 1914இல் அயர்லாந்துத் தன்னார்வப் படைக்குத் துப்பாக்கி வாங்க பெல்ஜியம் போனவர், அங்கே ஜெர்மன் படை செய்ததைப் பார்த்து மனம் மாறி ராணுவத்தில் சேர்ந்தார். ஈஸ்டர் எழுச்சி அவரை உடைத்தது. கொல்லப்பட்ட எழுச்சித் தலைவர்கள் நாயகர்களாக நினைக்கப்படுவார்கள், தான் ஆங்கிலேய அதிகாரியாகத்தான் நினைக்கப்படுவோம் என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. ஆனாலும் தன் ஆட்களை விட்டு வரவில்லை. பிரான்ஸில் நடந்த சோம் போரில் கின்ச்சி கிராமத்தைப் பிடிக்கும் தாக்குதலில், 1916 செப்டம்பர் 9 அன்று, 9ஆம் பட்டாலியனின் ஒரு கம்பெனியை முன்நடத்திப் போகும்போது குண்டு பட்டது. அதற்குச் சில நாள் முன்னால் குழந்தை மகளுக்கு ஒரு கவிதை எழுதி வைத்தார். உடல் கிடைக்கவில்லை.

அதே கின்ச்சியில் வீரப்பதக்கம் வாங்கிய எம்மெட் டால்டன் என்ற இளம் அதிகாரி ஊர் திரும்பி, விடுதலைப் படையில் சேர்ந்து, பிரிட்டனை எதிர்த்துப் போரிட்டார். 1922இல் அயர்லாந்து விடுதலைத் தலைவர் மைக்கேல் காலின்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டபோது பக்கத்தில் இருந்தவர் அவர். ஒரே பட்டாளம், ஒரே சண்டை, இரண்டு வாழ்க்கை.

பாதிரியார் வில்லி டாய்ல்?

இயேசு சபைத் துறவி, 16ஆம் டிவிஷனின் ராணுவப் பாதிரியார். பாதுகாப்பாகப் பின்னால் இருக்க உரிமை இருந்தும் முன்வரிசையை விடாதவர். காயம்பட்டவர்களைத் தேடிப் போய்க்கொண்டே இருந்தவர், 1917 ஆகஸ்ட் 16 அன்று ஈப்பருக்குக் கிழக்கே குண்டுக்குப் பலியானார்.

பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப்பதக்கமான விக்டோரியா கிராஸ் எத்தனை?

இந்தப் போரில் மூன்று. ராபர்ட் டவ்னி, ஜேம்ஸ் ஓக்கெண்டன், ஹொரேஸ் கர்டிஸ், மூவரும் சார்ஜென்ட்கள். மூவரில் யாரும் அயர்லாந்தில் பிறந்தவர் இல்லை. டவ்னி கிளாஸ்கோவில் அயர்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்தவர், மற்ற இருவர் இங்கிலாந்து. கர்டிஸ் பதக்கம் பெற்றது 1918 அக்டோபரில், லெ காத்தோவுக்குப் பக்கத்தில். 2ஆம் பட்டாலியன் நாலு வருடம் முன்னால் பின்வாங்கத் தொடங்கிய அதே வட்டாரம்.

மொத்தம் எத்தனை பேர் இறந்தார்கள்? ரெஜிமென்ட் என்ன ஆனது?

இறந்தவர்கள் 4,700க்கும் மேல். திரும்பி வந்தவர்களுக்கு வரவேற்பு இல்லை. ஊரில் விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தது, பழைய பட்டாளத்துக்காரன் என்று வெளியே சொல்வதே ஆபத்து. பதக்கங்கள் பெட்டிக்கு அடியில் போயின, பேரப்பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லவில்லை. அயர்லாந்து சுதந்திர நாடாவதற்கான ஒப்பந்தம் ஆனதும் தெற்கு அயர்லாந்து ரெஜிமென்ட்கள் கலைக்கப்பட்டன. 1922 ஜூன் 12 அன்று விண்ட்சர் கோட்டையில் கொடிகளை மன்னரிடம் ஒப்படைத்தார்கள்.

மௌனம் கலையப் பல பத்தாண்டுகள் ஆயின. 1998 நவம்பர் 11 அன்று பெல்ஜியத்தின் மெசின் ஊரில் அயர்லாந்துத் தீவின் அமைதிப் பூங்காவை அயர்லாந்து அதிபர் மேரி மெக்கலீஸும் இங்கிலாந்து ராணியும் சேர்ந்து திறந்தார்கள். 1917 ஜூனில் கத்தோலிக்கர் நிறைந்த 16ஆம் டிவிஷனும் புராட்டஸ்டன்ட் அல்ஸ்டர் டிவிஷனும் தோளோடு தோள் நின்ற இடத்துக்குப் பக்கத்தில்.

நேரில் பார்க்க ஏதாவது இருக்கிறதா?

டப்ளின் போனால் செயின்ட் ஸ்டீபன்ஸ் கிரீன் பூங்காவுக்குப் போங்கள். வாசலில் நிற்கும் வளைவு தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் இறந்த இந்த ரெஜிமென்ட்காரர்களுக்கான நினைவுச்சின்னம், தேசியவாதிகள் அதைத் "துரோகிகள் வாசல்" என்பார்கள். ஈஸ்டர் எழுச்சியின் தோட்டாத் தழும்புகள் அதில் இருக்கின்றன. உள்ளே போனால் டாம் கெட்டிலின் மார்பளவுச் சிலை. அதை வைக்க விடாமல் இழுத்தடித்தார்கள், கடைசியில் திறப்பு விழா இல்லாமல் 1937இல்தான் நிறுவினார்கள்.

சென்னையில் இருப்பவர்களுக்கு எழும்பூர் மியூசியம். ராஜாஜி அரசு மவுண்ட் ரோட்டிலிருந்து அகற்றிய நீல் சிலை அங்கேதான் இருக்கிறது. அதை அகற்றியதும் அதே 1937இல்தான்.